கொல்லைப்புற வாசலில் நின்று ஒரு நடனக் காட்சி

சினிமா ரசனை வகுப்புகளிலும், திரையிடல் முடிந்த பிறகு நடக்கும் பேச்சுகளிலும், நம் பிள்ளைகள் வாய் திறந்த உடனே வந்து விழும் பதில் ஒன்று உண்டு. "நடனக் காட்சியில போய் என்னப்பா சாதி? கேமரா எப்படி நகருது, லைட்டிங் எப்படி இருக்கு, அதைப் பாருங்க. எல்லாத்துலயும் அரசியல் தேடினா கலையை எப்ப ரசிக்கிறது?"

கேட்பதற்கு நியாயம் போலத் தெரியும். பலர் வாயடைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நாம் உட்காரக் கூடாது. கேமராவைப் பார் என்கிறார்களா? கேமராவையே பார்ப்போம். அவர்கள் பார்ப்பதைவிடக் கிட்டப் போய்ப் பார்ப்போம். அது எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தது? உள்ளே யார் அனுமதியோடு நடமாடுகிறது? எந்த இடத்தில் நின்று ஆட்டத்தைப் பார்க்கிறது? கடைசியில் யார் முகத்தில் போய் நிற்கிறது? இந்த நாட்டில் வீடும் கூடமும் சாதியால் அளந்து கட்டப்பட்டவை. அந்தக் கூடத்துக்குள் நகரும் கேமராவுக்கு மட்டும் சாதி தெரியாது என்று சொல்வது அறியாமையாக இருக்க வேண்டும், அல்லது ஏமாற்றாக இருக்க வேண்டும்.

வீடு என்பது அனுமதிகளின் வரிசை

பழைய பண்ணை வீடு ஒன்றை மனதில் வரைந்து பாருங்கள் தோழர்களே. தெரு, திண்ணை, நடை, முற்றம், கூடம், அடுக்களை, பூஜை அறை, கடைசியில் கொல்லை. இது செங்கல் சுண்ணாம்பின் வரிசை மட்டுமா? யார் எதுவரை வரலாம் என்ற கட்டளையும் இதே வரிசையில்தான் இருக்கிறது. சிலர் திண்ணையில் உட்காரலாம், முற்றம் தாண்டக் கூடாது. சிலர் கூடத்தில் சாப்பிடலாம், அடுக்களைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. நம் பாட்டன் பாட்டிக்குத் திண்ணையே கிடையாது. வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்கு வரவேண்டும். அங்கே எட்ட நின்று, உயரத்திலிருந்து ஊற்றும் கூழை வாங்கிக்கொண்டு போகவேண்டும். சமூகவியல் பாடத்தில் தூய்மை என்றும் தீட்டு என்றும் நாம் படிப்பது வீட்டின் வரைபடத்தில் சுவராகவும் நிலைப்படியாகவும் நிற்கிறது.

இனி ஆட்டத்துக்கு வருவோம். ஆடுவதற்கு வெற்றிடம் வேண்டும். கை நீட்டினால் எதிலும் இடிக்கக் கூடாது, சுற்றினால் பாவாடை விரிய வேண்டும், எதிரே பத்துப் பேர் உட்கார வேண்டும். இந்த நாட்டில் கூரைக்குக் கீழே அவ்வளவு வெற்றிடம் யாரிடம் இருந்தது? நிலம் வைத்திருந்தவனிடமும் கோயில் வைத்திருந்தவனிடமும்தான் இருந்தது. நடனக் காட்சி என்றதும் நம் கண்ணில் வரும் பெரிய கூடம், பளிங்குத் தரை, தூண் வரிசை, தொங்கும் விளக்கு எல்லாமே யாரோ குனிந்து அறுத்த நெல்லால் எழும்பியவை.

அந்தக் கூடத்தில் கேமரா என்னென்ன செய்கிறது? ஒரே இடத்தில் நின்றபடி தலையைத் திருப்பினால் அது பேன். தண்டவாளத்தில் ஏறி நடந்தால் டிராக்கிங். உயரத்திலிருந்து இறங்கினால் கிரேன். கால் நகராமல் கண்ணை மட்டும் கிட்டக் கொண்டுபோனால் ஜூம். இவை ஒவ்வொன்றும் உடலின் ஒரு நிலை. உட்கார்ந்த இடத்தில் தலையைத் திருப்புகிறவன் விருந்தாளி. கூடம் முழுக்க நடப்பவன் வீட்டுக்காரன். மாடத்திலிருந்து கீழே பார்ப்பவன் அதிகாரி. தூணுக்குப் பின்னால் நிற்பவன் ஒளிந்து பார்ப்பவன். "கேமரா அழகாக நகர்கிறது" என்று யாராவது சொன்னால் உடனே கேளுங்கள்: யாருடைய காலால் நகர்கிறது?

ஜமீன்தாரின் இசைக்கூடம்

உலக சினிமா வகுப்புகளில் தவறாமல் காட்டப்படும் படம் சத்யஜித் ராயின் 'ஜல்சாகர்'. 1958இல் வந்தது. தாராசங்கர் பந்தோபாத்யாயின் கதை. கேமரா சுப்ரதா மித்ரா, கலை இயக்கம் பன்சி சந்திரகுப்தா, இசை விலாயத் கான். முர்ஷிதாபாத் மாவட்டத்தின் நிம்திதா அரண்மனையில் படம் எடுத்தார்கள். இசைக்கூடத்தை மட்டும் ஸ்டுடியோவில் செட் போட்டுக் கட்டினார்கள்.

கதை நமக்குத் தெரிந்த கதைதான். பிஸ்வம்பர் ராய் என்ற ஜமீன்தார் நொடித்துப் போகிறார். நிலம் ஆற்றோடு போகிறது, நகை கடனுக்குப் போகிறது. கச்சேரிக்காக வரவழைத்த மனைவியும் மகனும் புயலில் படகு கவிழ்ந்து சாகிறார்கள். இசைக்கூடம் பூட்டப்படுகிறது. பக்கத்திலேயே வட்டிக்காசில் எழும்பிய புதுப்பணக்காரன் மஹிம் கங்குலி தன் வீட்டில் கச்சேரி வைக்கத் தொடங்குகிறான். பொறுக்க முடியாத ஜமீன்தார், மிச்சமிருந்த கடைசிப் பணத்தை எடுத்து, பூட்டிய கூடத்தைத் திறந்து ஒரே ஒரு நாட்டியக் கச்சேரி வைக்கிறார். அந்தக் காட்சியில் ஆடுகிறவர் ரோஷன் குமாரி, கதக் கலையின் பெரிய ஆட்டக்காரர்.

காட்சி உண்மையிலேயே பிரமாதமாக எடுக்கப்பட்டிருக்கிறது. அதில் நமக்குச் சந்தேகமில்லை. சரவிளக்கு, சுவரில் முன்னோர் படங்கள், பெரிய நிலைக்கண்ணாடி, தரையில் விரிப்பு. சலங்கை கட்டிய பாதங்களைக் கேமரா கிட்டப் போய்ப் பார்க்கிறது. பிறகு விருந்தாளிகளின் முகங்கள். பிறகு ஜமீன்தாரின் முகம். ஆட்டம் வேகம் பிடிக்கப் பிடிக்க நாம் அந்த முகத்துக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்படுகிறோம். ஆட்டம் முடிந்ததும் கங்குலி பணத்தோடு கை நீட்டுகிறான். ஜமீன்தார் கைத்தடியின் வளைவால் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துகிறார். முதல் சன்மானம் தருவது வீட்டுக்காரனின் உரிமை. கையிலிருந்த கடைசிக் காசைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து உட்காருகிறார்.

வகுப்பில் எல்லோரும் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள். ஒரு காலம் எவ்வளவு கம்பீரமாகச் சாகிறது என்பார்கள். நாம் கொல்லைப்புற வாசலில் நின்று இதே காட்சியைப் பார்ப்போம்.

முதலில், ஆட்டம் யாரைப் பற்றியதாக மாற்றப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உடலை வருத்தி ஆடுகிறவர் ஒரு பெண். ஆனால் கேமரா அவர் பாதத்தில் தொடங்கி வேறொருவரின் முகத்தில் முடிகிறது. அவர் எங்கிருந்து வந்தார், ஆடி முடித்ததும் எங்கே போய்த் தூங்கினார், அந்தக் காசு எத்தனை நாளைக்கு வரும்? படத்துக்கு அது தேவைப்படவில்லை. வீட்டுக்காரனின் மானம் ஏறுவதையும் இறங்குவதையும் அளந்து காட்டும் கருவியாக அவர் ஆட்டம் பயன்படுகிறது.

இரண்டாவது, அனந்தன். ஜமீன்தாரின் வேலைக்காரர். இசைக்கூடம் திறக்கப்போகிறது என்றதும் அவர் முகம் மலர்கிறது. விளக்கைத் துடைக்கிறார், விரிப்பைத் தட்டுகிறார். கூடத்தின் ஒவ்வொரு மூலையையும் தொட்டுத் துடைத்த கை அவருடையது. கேமரா அவரை அன்போடுதான் பார்க்கிறது. ஆனால் அவருடைய சந்தோஷம் முழுக்க எஜமானின் சந்தோஷமாகவே காட்டப்படுகிறது. அந்தப் பெரிய கண்ணாடியைத் துடைத்தபோது தன் முகத்தை அவர் ஒருமுறையாவது பார்த்திருக்க மாட்டாரா? இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வங்கத்தில் சாதி இந்துக்களின் வீட்டுக்குள் வேலைக்கு வருபவரே, கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட சாதியாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். நம்மவர்களுக்கு அந்த வேலைக்காரர் இடமும் கிடையாது. கூடத்தைத் துடைக்கவே ஒரு தகுதி வேண்டியிருந்தது.

மூன்றாவது, திரைக்குள் வராதவர்கள். 1793இல் கார்ன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டத்தில் வங்கத்து ஜமீன்தார்கள் நிலத்தின் உடைமையாளர்களாக உறுதிசெய்யப்பட்டார்கள். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு உழுதவன் வாரம் கட்டினான், ஜமீன்தார் சரவிளக்கு வாங்கினார். மேற்கு வங்கத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1953இல் வந்தது. அதற்கு 5 ஆண்டு கழித்து இந்தப் படம் வருகிறது. உழுதவனுக்கு நிலம் கிடைத்ததா என்று கேட்டிருக்க வேண்டிய காலத்தில், விளக்கு அணைந்துவிட்டதே என்று கேமரா கலங்குகிறது. படத்தின் கடைசிப் பகுதியில் மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. ஜமீன்தார் நடுங்குகிறார். விடிந்துவிட்டது என்று அனந்தன் சொல்லித் திரையை விலக்குகிறார். ஜமீன்தாருக்கு அது இருட்டு. கூடத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது விடியல். கேமரா மட்டும் கூடத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

ராய் ஜமீன்தாரைப் புகழவில்லை, அவருடைய வீண் பெருமையைக் காட்டிக்கொடுக்கிறார் என்பார்கள். உண்மை. அந்தப் பெருமை எவ்வளவு முட்டாள்தனமானது என்று படத்துக்கு நன்றாகவே தெரியும். ஆனால் விமர்சனத்துக்கும் ஒரு நிற்கும் இடம் உண்டு. ஜமீன்தாரைக் கூடத்துக்குள் நின்று விமர்சிப்பது வேறு, வயலில் நின்று விமர்சிப்பது வேறு. உள்ளே நின்றால் அது ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி. வெளியே நின்றால் அது ஒரு கொள்ளையின் முடிவு.

தூணுக்குப் பின்னால் ஒளிந்த கண்

வங்கத்தை விட்டு நம் ஊருக்கு வருவோம். ஏ.பி. நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்', 1968. கொத்தமங்கலம் சுப்புவின் கதை. பத்மினி ஆட, சிவாஜி கணேசன் நாதஸ்வரத்தோடு. நாட்டியக்காரி மோகனா ஆடுகிறாள். சண்முகசுந்தரம் தூண் மறைவில் நின்று பார்க்கிறான். அவன் பார்ப்பது அவளுக்குத் தெரிகிறது. அவன் கண்ணும் கேமராவும் ஒன்றாகி, தூணைத் தாண்டி அவளிடம் போய் வருகின்றன. தமிழ் சினிமாவின் மிகப் புகழ்பெற்ற நடனக் காட்சிகளில் ஒன்று.

இந்தப் படத்தில் மோகனா ஆடும் இடங்களையும், அவளை அழைக்கிற இடங்களையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். கோயில், மைனர் வீடு, மகாராஜா அரண்மனை. ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். ஒவ்வொரு சொந்தக்காரனும் ஆட்டத்தோடு சேர்த்து ஆடுகிறவளையும் கேட்கிறான். இடையில் வைத்தி தரகு பேசுகிறான். படம் சிரிக்கச் சிரிக்கச் சொல்வது இதைத்தான்: கூடம் யாருடையதோ அவனுக்கு ஆடுகிறவளின் உடல்மேல் உரிமை இருப்பதாக ஒரு சமூகமே நம்பியிருந்தது.

தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி நடத்திய நீண்ட போராட்டத்தின் விளைவு அது. அதற்கு முன்னரே, 1930களில், சதிர் என்ற ஆட்டம் பரதநாட்டியம் என்று பெயர் மாறிச் சபா மேடை ஏறிவிட்டது. 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். பரம்பரையாக ஆடிய பெண்களுக்கு இழிவு மிஞ்சியது, ஆட்டம் மட்டும் சுத்தம் செய்யப்பட்டு வேறு வீட்டுக் கூடங்களுக்குப் போனது. அந்தப் பெண்கள் தலித்துகள் அல்ல. அவர்கள் வரலாற்றை நம் வரலாறாக நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு கலையை ஆடியவர்களிடமிருந்து பிரித்துக் கூடத்தின் சொந்தக்காரர்களிடம் ஒப்படைக்கும் வித்தையை அங்கே தெளிவாகப் பார்க்கலாம். அது ஆடியவர்களின் நிலை. வாசலுக்கு வெளியே நின்று பறை அடித்தவர்களின் நிலை என்னவாக இருந்திருக்கும் என்பதை அதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நம் ஆட்டத்துக்கு ஏன் கூரை இல்லை?

இப்போது நம்மை எங்கே ஆட வைக்கிறார்கள் என்று பாருங்கள். தெரு, சந்தை, சுடுகாடு, மீன்பாடி வண்டிக்குப் பின்னால், குப்பத்து செட்டில். குத்துப்பாட்டு என்று பெயர். கேமரா எங்கே இருக்கிறது? உயரத்தில். கிரேனில் ஏறி, இப்போது ட்ரோனில் ஏறி, நூறு பேரைச் சேர்த்து ஒரே கூட்டமாகப் பார்க்கிறது. அல்லது தரையில் படுத்துக்கொண்டு இடுப்பைப் பார்க்கிறது. கண் மட்டத்தில் நின்று ஒரு முகத்தைப் பார்ப்பதற்கு மட்டும் அதற்கு நேரமில்லை. பறை அடிக்கிறவர் கதாநாயகனுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிவார். அவர் விரல் எந்தக் குச்சியை எப்படிப் பிடித்திருக்கிறது என்று ஒரு ஷாட் கிடையாது. சலங்கைப் பாதத்துக்குக் கிட்டப் போகத் தெரிந்த கேமராவுக்குப் பறை அடிக்கும் விரலுக்குக் கிட்டப் போகத் தெரியாதா?

திறந்த வெளியில் ஆடுவது நமக்கு இழிவு என்று நாம் சொல்லவில்லை. தெரு நம் பெருமை. ஆனால் தெருவில் மட்டுமே காட்டப்படுகிறவர்களுக்கு வீடு இல்லை என்று ஆகிவிடுகிறது. வீடு இல்லாதவர்களுக்குத் தனிமை இல்லை, யோசனை இல்லை, கண்ணாடி முன்னால் நின்று ஆடிப் பார்க்கும் வெட்கம் இல்லை. கூட்டமாகக் குதிக்கிற உடல்கள் மட்டும்தான் மிஞ்சுகின்றன.

சில கேமராக்காரர்கள் ஒரு தொழில்நுட்பக் காரணம் சொல்வார்கள். உங்கள் வீடுகள் சின்னவை, உள்ளே கேமரா நகர இடமில்லை, டிராக் போட முடியாது என்பார்கள். முழுக்கப் பொய் இல்லை. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியிருக்கிறது. பெயர் மாறினாலும், அது கட்டிக்கொடுத்த பழைய வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். கட்டில் போட்டால் நடக்க இடமில்லை. ஒரு பெண் பிள்ளை கை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினால் சுவரில் இடிக்கும். அதனால் அவள் வராந்தாவில் ஆடுகிறாள், மாடிப்படியில் ஆடுகிறாள், மொட்டை மாடியில் ஆடுகிறாள்.

அப்படியென்றால் அந்த இடிக்கும் சுவரைத்தானே கேமரா காட்ட வேண்டும்? ஸ்டுடியோவில் அவர்கள் செய்வது வேறு. ஏழை வீட்டு செட் போட்டு, ஒரு பக்கச் சுவரைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாகக் கேமராவைத் தாராளமாக நகர்த்துகிறார்கள். பத்தடி அறை இருபதடியாகத் தெரிகிறது. நம் வீட்டின் நெருக்கடி திரையில் காணாமல் போகிறது. ஜமீன்தாரின் கூடத்தை அங்குலம் பிசகாமல் கட்டத் தெரிந்த கலை இயக்கத்துக்கு நம் அறையின் அளவு மட்டும் அலட்சியமாகிவிடுகிறது.

விளக்கைச் சுமந்த சிறுவன்

மாற்றிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். மராத்தியில் நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி' 2013இல் வந்தது. பன்றி பிடிக்கும் வேலை திணிக்கப்பட்ட கைக்காடிக் குடும்பத்துச் சிறுவன் ஜப்யா. ஊர்த் திருவிழாவுக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போகிறான். ஊர்வலத்தில் ஆட வேண்டும், தனக்குப் பிடித்த பெண் அதைப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் ஆடுகிறவர்களுக்கு வெளிச்சம் காட்டும் விளக்கைச் சுமக்க வைக்கப்படுகிறான். புதுச்சட்டையோடு, கண்ணில் நீரோடு, எல்லோரும் ஆட அவன் அசையாமல் நிற்கிறான்.

தோழர்களே, இந்தக் காட்சியை ஜல்சாகர் காட்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே சரவிளக்கு அழகாகத் தொங்கியது. இங்கே அந்த வெளிச்சத்துக்கு ஒரு கழுத்தும் தோளும் இருப்பது தெரிகிறது. எல்லா நடனக் காட்சியிலும் வெளிச்சத்தை யாரோ சுமந்துகொண்டுதான் இருந்தார்கள். மஞ்சுளே செய்தது இவ்வளவுதான்: ஆட்டத்தை விட்டுவிட்டு விளக்கு சுமப்பவனின் முகத்துக்குக் கேமராவைக் கொண்டுவந்தார். அந்த ஒரு நகர்வில் ஊரின் அமைப்பு முழுவதும் புரிந்துவிடுகிறது. படத்தின் கடைசியில் அந்தச் சிறுவன் எறியும் கல் நேரே கேமராவை நோக்கி வருகிறது. அது கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருக்கும் எல்லோர் மேலும் விழுகிற கல்.

அவருடைய 'சைராட்', 2016. நாடு முழுக்க ஆடிய அந்தப் பாட்டை நாமும் கல்யாண வீடுகளில் ஆடியிருக்கிறோம். ஆனால் படத்தில் அந்த ஆட்டம் எங்கே நடக்கிறது? ஆதிக்க சாதிப் பாட்டீல் குடும்பத்தில் மகன் பிறந்தநாள். வீட்டுக்கு வெளியே திறந்தவெளியில் ஆட்டம். மீன் பிடிக்கும் குடும்பத்துப் பையன் பர்ஷ்யா அங்கே ஆடலாம், தடையில்லை. கேமரா அவனோடு சேர்ந்து குதிக்கிறது. ஒரு கணம் எல்லாச் சுவரும் இடிந்துவிட்டது போல நமக்கும் தோன்றுகிறது. அந்த இரவிலேயே அவனும் ஆர்ச்சியும் பிடிபடுகிறார்கள். வெளியில் ஆட அனுமதி உண்டு, உள்ளே வர அனுமதி இல்லை என்பது அப்போது தெரிகிறது.

கடைசியில் படம் ஹைதராபாத்தில் ஒரு சின்ன வீட்டுக்குள் முடிகிறது. ஆர்ச்சியின் சகோதரன் உறவுக்காரர்களோடு வந்து உட்காருகிறான், ஆர்ச்சி தேநீர் போடுகிறாள். அந்தப் படுகொலையைக் கேமரா நமக்குக் காட்டுவதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வரும் குழந்தை உள்ளே போகிறது, ரத்தம் தோய்ந்த பாதங்களோடு வெளியே வருகிறது. அவ்வளவு குதித்த கேமரா அங்கே சத்தமே இல்லாமல் அந்தப் பாதச்சுவடுகளைப் பார்க்கிறது. நடனக் காட்சியில் பாதத்தைக் காட்டும் இத்தனை ஆண்டுப் பழக்கத்துக்கு அந்தக் குழந்தையின் பாதம் பதில் சொல்லிவிட்டது.

தமிழில் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்', 2018. பரியனின் அப்பா பெண் வேடம் கட்டி ஆடும் கலைஞர். ஊர்த் திடலில் அவர் ஆடும்போது கைதட்டல் உண்டு. அதே மனிதரைக் கல்லூரிப் பக்கம் வைத்து, வேட்டியை உருவி, தெருவில் ஓட விடுகிறார்கள். ஆடிய அதே உடல்தான் ஓடுகிறது. பரியன் தோழியின் வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டபத்துக்குப் போகிறான். அழைப்பிதழ் கையில் இருக்கிறது. மண்டபம் பொது இடம், யாரும் வரலாம் என்கிறது சட்டம். ஒரு அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துகிறார்கள். வெளியே மேளமும் சிரிப்பும், உள்ளே அடியும் இழிவும். ஒரு கதவு அளவுதான் தூரம். அந்தக் கதவுக்கு உள்பக்கம் கேமரா நிற்கிறது. அதனால் நமக்கு மண்டபத்தின் மேளச்சத்தம் இனி பழைய மாதிரி கேட்பதில்லை.

"கொலை நடக்கும்போது கேமரா ஆராய்ச்சியா?"

இந்தக் கேள்வி வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, நம் இயக்கத் தோழர்களும் கேட்கிறார்கள். தோழர்களே, யார் எந்தத் தெருவில் ஆடுவது என்பதற்காகவே இந்த நாட்டில் ரத்தம் சிந்தப்படுகிறது. ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் குஜராத்திலும் குதிரையில் ஏறிய தலித் மாப்பிள்ளைகள் தாக்கப்படுகிறார்கள், போலீஸ் பந்தோபஸ்தோடு கல்யாண ஊர்வலம் போக வேண்டியிருக்கிறது. நம் ஊர்களில் மேளத்தோடு ஊர்த் தெருவைக் கடக்கக் கூடாது என்று தகராறு வருகிறது.

2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, பட்டியல் சாதியினர் கல்யாண ஊர்வலம் நடத்துவதைத் தடுப்பதும், ஊர்வலத்தில் குதிரையிலோ வண்டியிலோ ஏறுவதைத் தடுப்பதும், பொது இடத்தில் செருப்பும் புதுத்துணியும் அணிவதைத் தடுப்பதும் குற்றம் என்று தனியாக எழுதவேண்டி வந்தது. நாடாளுமன்றமே உட்கார்ந்து இதை எழுத வேண்டியிருந்தது என்றால், ஆட்டமும் இடமும் அழகியல் சமாச்சாரம் மட்டும்தானா? ஜப்யாவின் புதுச்சட்டையும் பரியனின் அழைப்பிதழும் இந்தச் சட்டப் பிரிவின் உயிருள்ள வடிவங்கள்.

இன்னொரு பக்கத்திலிருந்து, "கலைக்கும் இடஒதுக்கீடு கேட்கிறீர்களா?" என்பார்கள். கூடம் முழுவதையும் தலைமுறை தலைமுறையாகத் தனக்கே ஒதுக்கிக்கொண்டவர்கள் ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுவது வேடிக்கை. நாம் ஜல்சாகரைத் தடை செய்யச் சொல்லவில்லை, பார்க்காதே என்றும் சொல்லவில்லை. இரண்டு முறை பாருங்கள். ஒரு முறை கூடத்தில் உட்கார்ந்து, ஒரு முறை கொல்லையில் நின்று. இரண்டாவது முறை பார்த்தவரிடம் "டெக்னிக்கை மட்டும் பார்" என்று யாரும் பேச முடியாது. ஏனென்றால் அவர்தான் டெக்னிக்கை முழுதாகப் பார்த்தவர்.

இனி படம் பார்க்க உட்காரும்போது

எந்த நடனக் காட்சியானாலும் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள். ஒரு தாளில் அறையின் வரைபடத்தைப் போடுங்கள். வாசல் எங்கே, யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், யார் தட்டோடு வந்து போகிறார்கள் என்று குறியுங்கள். கேமரா போன பாதையைக் கோடாக வரையுங்கள். அந்தப் பாதையில் நடக்க நிஜ வாழ்க்கையில் யாருக்கு அனுமதி இருந்திருக்கும்? உங்கள் பாட்டி அந்த வீட்டுக்கு வந்திருந்தால் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருப்பார்? அந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து ஆட்டம் தெரிகிறதா? இல்லையென்றால், அங்கிருந்து தெரிவது என்ன?

படம் எடுக்கும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு சொல். உங்கள் கையில் போன் இருக்கிறது, அது எந்தச் சின்ன அறைக்குள்ளும் நுழையும். டிராக் வேண்டாம், கிரேன் வேண்டாம். தங்கச்சி வராந்தாவில் ஆடும்போது மாடியில் ஏறி மேலிருந்து எடுக்காதீர்கள். அவள் கண் மட்டத்துக்கு இறங்கி நில்லுங்கள். சுவர் இடித்தால் இடிக்கட்டும், அதையும் எடுங்கள். அந்தச் சுவரை அவ்வளவு கிட்டத்தில் கட்டியது யார் என்பதும் அந்த ஷாட்டில் இருக்கும். பறை அடிக்கும் மாமாவின் விரலுக்குக் கிட்டப் போங்கள். விளக்குப் பிடித்திருப்பவர் யாரென்று திரும்பிப் பாருங்கள், அவர் பெயரைக் கேட்டு டைட்டிலில் போடுங்கள்.

கோயில் கதவுக்கும் குளத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சண்டை போட்டுத்தான் நம் முன்னோர் உள்ளே போனார்கள். திரைக்குள் இருக்கும் கூடமும் அப்படிப்பட்ட கதவுதான். அதைத் திறக்க முதலில் அது பூட்டியிருக்கிறது என்று நாம் ஒவ்வொரு வகுப்பிலும் எழுந்து சொல்லியாக வேண்டும். ஜெய் பீம்.